காலிங் பெல்லும் சிட்டுவும்: ஐந்து மாதப் பயிற்சிக் குறிப்பு

நேற்று மாலை காலிங் பெல் அடித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் படுத்திருந்த எங்கள் நாய் சிட்டு ஒரே ஒரு தடவை குரைத்தாள். அப்புறம் எழுந்து வாசலைப் பார்த்தாள், மூலையில் கிடக்கும் தன் விரிப்பில் போய் உட்கார்ந்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பயிற்சி நேரமும் இல்லை. பார்சல் கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கும் வரை அவள் அந்த விரிப்பை விட்டு நகரவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

ஐந்து மாதத்தில் இரண்டு நோட்டுப் புத்தகம் நிரம்பியிருக்கிறது. மறந்துபோவதற்குள் அதிலிருந்து எழுதிவைக்கிறேன். வீட்டில் இதே மாதிரி ஒரு நாயோடு திண்டாடுபவர்களுக்கு நான் தவறிய இடங்களாவது பயன்படட்டும்.

சிட்டுவுக்கு மூன்று வயது. கலப்பினம், 14 கிலோ. வீட்டு ஆட்களிடம் பூனைக்குட்டி மாதிரி இருப்பாள். காலிங் பெல் அடித்தால் மட்டும் வேறு நாய். கதவை நோக்கிப் பாய்வாள், கதவில் முன்னங்காலை வைத்துப் பிறாண்டுவாள், வந்தவர் உள்ளே உட்கார்ந்த பிறகும் ஆறேழு நிமிடம் குரைப்பாள். ஒரு தடவை ஒருவரின் சட்டைக் கையைக் கவ்வி இழுத்துவிட்டாள். காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தெருவிலும் இதே கதைதான். இன்னொரு நாய் கண்ணில் பட்டதும் பின்னங்காலில் எழும்பி நின்று கத்துவாள். செயினைப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அவள் குரைத்தால் அதட்டினேன். தெருவில் பாய்ந்தால் கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுத்தேன். பலர் சொன்ன வழி அது, எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நிலைமை மோசமாகியிருந்தது. முன்பு எதிர்ச் சாரியில் நாய் வந்தால் குரைப்பவள், தெருக்கோடியில் வந்தாலே குரைக்க ஆரம்பித்தாள். அவள் பக்கத்திலிருந்து யோசித்தால் விஷயம் எளிது: இன்னொரு நாய் தெரிகிறது, உடனே கழுத்து வலிக்கிறது. அந்த நாயை அவள் எப்படி விரும்புவாள்? அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், நடத்தைச் சிக்கல் உள்ள நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையை மட்டுமே பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றே கழுத்துப் பட்டையில் செயின் மாட்டுவதை நிறுத்தினேன். கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும், மார்பில் வளையம் உள்ள ஹார்னஸ் வாங்கினேன். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்புமே தவிர, கழுத்து நெரியாது.

பயிற்சிக்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்தது நல்லதாகப் போயிற்று. வலது காதில் உள்ளே தொற்று இருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலையைத் தொட வந்தால் அவள் வெடுக்கென்று திரும்புவதைக் குணம் என்று நினைத்திருந்தேன், அது வலி. சொட்டு மருந்து போட்டுக் காது ஆறியதும் அந்த வெடுக்கு போய்விட்டது. குரைப்பு போகவில்லை. ஆனால் வலியோடு ஒரு நாயை உட்கார வைத்துப் பாடம் நடத்தாமல் தப்பித்தேன்.

அடுத்த இரண்டு வாரம் எதையும் சொல்லித்தரவில்லை. அவள் குரைப்பதற்கான வாய்ப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்தேன். தினம் இருபது தடவை குரைத்துப் பழகுகிற நாய்க்கு நான் பத்து நிமிடம் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது? காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றினேன். வருபவர்கள் போன் செய்யும்படி கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன். நடைக்குப் போகும் நேரத்தை நாய்கள் அதிகம் வராத வேளைக்கு மாற்றினேன்.

ஜன்னலுக்கு வெளிச்சம் வருகிற, ஆனால் உருவம் தெரியாத ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்யலாம், பழைய பிளாஸ்டிக் அட்டையால் மேலிருந்து கீழாகத் தேய்த்தால் குமிழி வெளியேறிவிடும். அவள் நிற்கும் உயரத்தை அளந்து 60 செ.மீ. வரை ஒட்டினேன். மறுநாளே சோபாவின் கைப்பிடியில் ஏறி நின்று மேலே இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் வாங்கி 130 செ.மீ. வரை ஒட்டினேன். நாய் எங்கெல்லாம் ஏறும் என்று பார்த்துவிட்டு அளவெடுக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரத்திலேயே வீட்டில் சத்தம் பாதியாகக் குறைந்தது. தூக்கமும் கூடியது. பகலில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காதவள், மதியம் இரண்டு மணி நேரம் கால் நீட்டித் தூங்கினாள்.

பிறகுதான் பயிற்சி. முதல் வேலை, 'நீ இப்போது செய்தது சரி, தீனி வருகிறது' என்று அவளுக்குச் சொல்ல ஒரு சொல். கிளிக்கர் என்று சின்னக் கருவி கிடைக்கிறது, அமுக்கினால் 'கிளிக்' என்று கேட்கும். நான் கையை ஒழிவாக வைத்துக்கொள்ள விரும்பியதால் சொல்லையே தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்த சொல் 'சரி'. நான்கு நாள் அருமையாகப் போயிற்று. ஐந்தாம் நாள் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். "சரி... சரி சரி... சரிம்மா, வச்சிடறேன்." ஒவ்வொரு 'சரி'க்கும் சிட்டு தலையைத் திருப்பி அம்மாவின் கையைப் பார்த்தாள். கை வெறுங்கை. நாங்கள் ஒரு நாளில் எத்தனை 'சரி' சொல்கிறோம் என்று அன்றுதான் கவனித்தேன். சொன்னால் தீனி வரும் என்ற வாக்குறுதியை நாங்களே மணிக்குப் பத்து தடவை மீறிக்கொண்டிருந்தோம். 'டக்' என்று மாற்றினேன். பேச்சில் வராது, குறுகியது, எந்த மனநிலையில் சொன்னாலும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

அந்த 'டக்'கைச் சரியான கணத்தில் சொல்வதற்கு எனக்கும் பயிற்சி தேவைப்பட்டது. தம்பி ஒரு பந்தை மேலே தூக்கிப் போடுவான், அது தரையைத் தொடும் கணத்தில் நான் 'டக்' சொல்ல வேண்டும். சிட்டு வேறு அறையில் இருக்கும்போது இதைச் செய்தோம். முதல் நாள் பாதிக்கு மேல் தாமதம். மூன்று நாளில் கை கண்டது. அப்புறம் அவளோடு: 'டக்', ஒரு வினாடிக்குள் தீனி. பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை, நான்கு நாள். சொன்னதும் காது என் பக்கம் திரும்பினால் சொல் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தீனி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது, அளவும் தவறக்கூடாது. வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் அவளுடைய வழக்கமான உலர் உணவே போதும். பெல் பயிற்சிக்கும் தெருவுக்கும் உப்பு, மசாலா எதுவும் சேர்க்காத வேகவைத்த கோழித் துண்டு. பட்டாணி அளவுக்கு மேல் வெட்டக்கூடாது. பெரிய துண்டு போட்டால் மென்றுகொண்டே நிற்பாள், பயிற்சியின் ஓட்டம் போய்விடும். மொறுமொறுப்பான பிஸ்கட்டும் இதனால்தான் எனக்குச் சரிப்படவில்லை. உடைந்து சிதறும், பொறுக்குவதிலேயே அவள் கவனம் போய்விடும். சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு நாளைக்கு 50 கிராம் என்று டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன், அதற்கேற்ப இரவு உணவைக் குறைப்பேன். எடையை வாரம் ஒருமுறை பார்த்தேன். 14 கிலோவில் தொடங்கியவள் இன்றைக்கு 14.2. வீட்டில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த எதுவும் நாய்க்கு நஞ்சு.

அடுத்தது விரிப்பு. 60 x 90 செ.மீ. அளவில், அடியில் வழுக்காத ரப்பர் உள்ள தடித்த விரிப்பு. வாசலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, கதவு தெரிகிற, ஆனால் வழியில் இல்லாத மூலையில் போட்டேன். ஒரு கால் அதில் பட்டால் 'டக்', தீனி. இரண்டு கால், நான்கு கால், உட்கார்வது, படுப்பது என்று ஒரு வாரத்தில் வந்துவிட்டது. "இடம்" என்ற சொல்லை அவள் தானாகப் போகத் தொடங்கிய பிறகே சேர்த்தேன்.

இதில் ஒரு சிறிய விஷயம் எனக்குப் பெரிய வித்தியாசமாக இருந்தது. முதலில் தீனியை அவள் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தேன். கை மேலே இருப்பதால் அவள் தலை மேலே போகும், தலை மேலே போனால் பின்பாகம் எழும்பும், எழும்பியதும் விரிப்பை விட்டு ஒரு அடி முன்னால் வந்துவிடுவாள். நான் அதைப் பொறுமையின்மை என்று எழுதிவைத்திருந்தேன். ஒரு நாள் துண்டு கை தவறி அவளுடைய இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் விழுந்தது. தலையைத் தாழ்த்தி எடுத்தாள், முழங்கை தரையில் பட்டது, அப்படியே படுத்துவிட்டாள். அன்றிலிருந்து தீனியைக் கையில் கொடுப்பதில்லை. கால்களுக்கு நடுவில், விரிப்பின் மேல் வைக்கிறேன். இரண்டே நாளில் படுத்திருக்கும் நேரம் 10 வினாடியிலிருந்து 40 வினாடிக்குப் போனது.

பெல் பயிற்சியில் தான் அதிக நாள் வீணாக்கினேன். காலிங் பெல் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, குறைந்த ஒலியில் போட்டுக் காட்டி, மெதுவாக ஒலியைக் கூட்டுவது என்பது திட்டம். பத்து நாளில் போனை முழு ஒலியில் வைத்தாலும் சிட்டு வாலாட்டிக்கொண்டு விரிப்புக்குப் போனாள். மகிழ்ச்சியோடு நிஜ பெல்லின் ஒயரை மாட்டினேன். தம்பி வெளியே போய் ஒரு தடவை அமுக்கினான். பழையபடி கதவில் பாய்ந்தாள். போனில் கேட்டது அவளைப் பொறுத்தவரை போன் சத்தம். சத்தம் வருகிற திசை வேறு, அதன் அதிர்வு வேறு, அதோடு வெளியே ஒரு ஆளின் காலடியும் வாசனையும் இல்லை.

இரண்டு நாள் எதுவும் செய்யாமல் யோசித்தேன். மூன்று வருடமாகக் கேட்டுக் கொதித்த சத்தத்தை மாற்றுவதற்குப் பதில் சத்தத்தையே புதிதாக வைத்தால் என்ன? பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பெல் ஒன்று வாங்கினேன். நான் பார்த்துப் பார்த்து வாங்கியது இரண்டு காரணத்துக்காக: ஒலியை ஐந்து நிலையில் மாற்றலாம், ராகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். பழையதுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு ராகத்தை வைத்தேன். அந்த ராகத்துக்கு அவள் மனதில் கெட்ட நினைவு ஒன்றுகூட இல்லை. இந்த முழு முயற்சியில் நான் எடுத்த நல்ல முடிவு ஒன்றைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன்.

பொத்தானை முதலில் என் கையிலேயே வைத்துக்கொண்டேன். பெல் முதல் நிலை ஒலியில் அடிக்கும், அடித்து முடிந்ததும் விரிப்பில் கோழித் துண்டு விழும். அவள் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும். ஒரு அமர்வுக்கு ஐந்து தடவை, நாளைக்கு இரண்டு அமர்வு. இடைவெளி ஒரே மாதிரி இருக்கக்கூடாது, சில சமயம் அரை நிமிடம், சில சமயம் மூன்று நிமிடம். மூன்றாம் நாள் பெல் அடித்ததும் அவளே விரிப்பை நோக்கி ஓடினாள், துண்டு எங்கே விழும் என்று தெரிந்துவிட்டது.

அதற்கு மேல் போவதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஐந்தில் நான்கு அல்லது ஐந்து தடவை குரைக்காமல் போனால் அடுத்த அமர்வில் ஒரு படி கூட்டுவது. மூன்று என்றால் அதே படி. இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு படி இறங்குவது. அன்றைய என் உற்சாகத்துக்கோ சோர்வுக்கோ இதில் இடமில்லை. அதனால்தான் பிழைத்தேன் என்று நினைக்கிறேன்.

படிகள் ஒலி மட்டும் அல்ல. பொத்தான் என் கையில், தம்பி கையில், வீட்டுக்குள், தம்பி கதவுக்கு வெளியே, கதவைத் தட்டுவது, கதவு திறப்பது, தம்பி உள்ளே வருவது, பிறகு வேறு ஆட்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். ஆறாவது வாரம் ஒரே நாளில் ஒலியையும் இரண்டாம் நிலையிலிருந்து நான்குக்குக் கூட்டி, தம்பியையும் வெளியே அனுப்பினேன். ஐந்துக்கு ஐந்தும் குரைத்தாள். ஒலியை மறுபடி இரண்டுக்கு இறக்கியும் நான்கு நாள் ஆயிற்று பழைய இடத்துக்கு வர. தம்பி மாடிப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, "அக்கா, இன்னும் எத்தனை தடவை அமுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

கதவு திறக்கும் படிதான் கடினமாக இருந்தது. கைப்பிடியைத் தொடுவதே அவளுக்கு ஒரு மணி அடித்த மாதிரி. அதனால் பெல்லை விட்டுவிட்டு ஒரு வாரம் வெறும் கைப்பிடி. தொட்டுவிட்டுத் திரும்பி வந்து தீனி. தாழ்ப்பாளை அசைத்துவிட்டுத் திரும்பி வந்து தீனி. ஒரு விரற்கடை திறந்துவிட்டுத் திரும்பி வந்து தீனி. கதவுக்கும் விரிப்புக்கும் நடுவே அந்த வாரம் நான் நடந்த நடையில் ஒரு ஊருக்குப் போயிருக்கலாம். இந்தக் கட்டம் முழுக்க, நடுவில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்று இருந்தது. 75 செ.மீ. உயரம். சட்டைக் கையைக் கவ்விய நாய் என்பதால் பயிற்சியை நம்பி ஒரு ஆளை உள்ளே விட நான் தயாராக இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தீனி தின்னவும் முடிகிற கூடை வகை வாய்ப்பூட்டையும் தனியாகப் பழக்கினேன். அதற்குள் தீனியை வைத்து, அவளாகவே மூக்கை நுழைக்கும் வரை காத்திருந்து, பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வாரை மாட்டினேன். இதுவரை தேவைப்படவில்லை. மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவள் பயப்படாமல் போட்டுக்கொள்வாள் என்பதே எனக்கு நிம்மதி.

தெருப் பயிற்சி இதற்கு இணையாக மூன்றாவது வாரத்திலிருந்தே நடந்தது. அங்கே கருவி தூரம்தான். நான் எடுத்துவைக்கும் ஒரு எட்டு, அதாவது ஒரு காலடி, 65 செ.மீ., டேப் வைத்து அளந்து வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஒரு கிழ நாய் உண்டு. அவர் அதோடு மைதானத்தின் ஒரு மூலையில் நிற்பார், நான் சிட்டுவோடு எதிர் மூலையிலிருந்து ஒவ்வொரு எட்டாக நெருங்குவேன். 55 எட்டில் அவள் வெடித்தாள். 60 எட்டில், அதாவது 39 மீட்டரில், பார்த்தாள், ஆனால் தீனியை வாங்கித் தின்றாள். அந்த 60 தான் எங்கள் தொடக்கக் கோடு. கோழித் துண்டை மூக்கருகில் வைத்தும் அவள் வாங்கவில்லை என்றால் அவளுக்குப் பசியில்லை என்று பொருளல்ல, நான் அதிகம் நெருங்கிவிட்டேன் என்று பொருள்.

அவள் முகத்தைப் படிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சும்மா நடக்கும்போது வாய் சற்றுத் திறந்திருக்கும், நாக்கு நுனி வெளியே தெரியும். தூரத்தில் நாய் தெரிந்ததும் முதலில் வாய் மூடும். குரைப்பு, உறுமல் எல்லாம் பிறகு, முதலில் வாய்தான். அப்புறம் காது முன்னால் குவியும், உடம்பின் எடை முன்னங்காலுக்கு மாறும், ஹார்னஸ் வார் ஒரு இழை இறுகுவது என் விரலுக்குத் தெரியும். வாய் மூடியதிலிருந்து பாய்வது வரை எனக்குக் கிடைப்பது இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடிக்குள் 'டக்' சொல்ல வேண்டும். காது குவிந்த பிறகு சொன்னால் பாதி நாள் பலிக்கும், எடை மாறிய பிறகு சொன்னால் பலிக்காது, அப்போது செய்ய வேண்டியது திரும்பி வேறு பக்கம் நடப்பது மட்டும்.

இங்கேயும் ஒரு பெரிய தவறு செய்தேன். தூரத்தில் நாய் வருவதை எப்போதும் அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். பார்த்ததும் பதறிப்போய் இடுப்பில் இருக்கும் தீனிப் பையைத் திறந்து, அவள் மூக்கின் முன் துண்டை நீட்டி, அவள் நாயைப் பார்க்காமலே கடந்துவிடப் பார்ப்பேன். மூன்று வாரம் இப்படி. பிறகு ஒரு நாள், தெருவில் எந்த நாயும் இல்லாதபோது, மழைத்துளி விழுகிறதே என்று போனை உள்ளே வைக்கப் பையின் ஜிப்பைத் திறந்தேன். சிட்டுவின் வாய் மூடியது. கழுத்தை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தாள். ஜிப் சத்தம் என்றால் நாய் வருகிறது என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வரிசையை மாற்றினேன். முதலில் அவள் நாயைப் பார்க்க வேண்டும். பார்த்த கணம் 'டக்'. பிறகே கை பைக்குப் போக வேண்டும். ஜிப் இல்லாத, காந்தத்தில் மூடும் பைக்கு மாறினேன். நாய் தெரிந்தால் கோழி வரும், நாய் போய்விட்டால் கோழியும் நின்றுவிடும். ஏறக்குறைய மூன்று வாரத்தில், 50 எட்டில், அவள் அந்தக் கிழ நாயைப் பார்த்தாள், நான் வாயைத் திறப்பதற்குள் தானாகவே திரும்பி என்னைப் பார்த்தாள். நோட்டில் அந்தப் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

எதிர்பாராமல் திருப்பத்தில் ஒரு நாய் முகத்துக்கு நேராக வந்துவிட்டால் இதெல்லாம் நடக்காது. அதற்கு இரண்டு சொற்கள் பழக்கினேன். "வா வா" என்றால் வந்த வழியே திரும்பி ஓடுவது, விளையாட்டு மாதிரி. "தேடு" என்றால் புல்லில் ஏழெட்டுத் துண்டுகளை இறைப்பது, தலை குனிந்து மோப்பம் பிடித்துப் பொறுக்குவாள். இரண்டையும் நாய் இல்லாத இடத்தில் ஐம்பது அறுபது தடவை பழக்கிய பிறகுதான் தேவையான இடத்தில் பயன்படுத்தினேன்.

பதினோராவது வாரம் ஒரு பின்னடைவு. ஒரே நாளில் காலையில் பக்கத்தில் பட்டாசு, மதியம் வீட்டில் குழாய் வேலை, மாலை நடையில் கட்டவிழ்ந்த நாய் ஒன்று நேராக ஓடிவந்து அவள் முகத்தில் மோதியது. கடிபடவில்லை. ஆனால் மறுநாள் 60 எட்டிலும் குரைத்தாள், பெல்லின் முதல் நிலைக்கே துள்ளி எழுந்தாள். எல்லாம் போயிற்று என்று அழுதேன். அம்மாதான், "ரெண்டு நாள் சும்மா விடு. அதுக்கும் மனசு இருக்குல்ல" என்றார். மூன்று நாள் வெளியே நடையே இல்லை. வீட்டுக்குள் அட்டைப் பெட்டிகளில் காகிதத்தைக் கசக்கிப் போட்டு, நடுநடுவே தீனியை ஒளித்து வைத்துத் தேட விட்டேன். நான்காம் நாள் 70 எட்டிலிருந்து தொடங்கினேன். ஒன்பது நாளில் பழைய 35 எட்டுக்கு வந்துவிட்டாள். அந்தத் தூரத்துக்கு வர முதலில் எட்டு வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பின்னடைவிலிருந்துதான் அளவு விஷயத்தில் எனக்குப் புத்தி வந்தது. முதல் நோட்டு முழுக்கக் குரைப்பின் எண்ணிக்கைதான் எழுதியிருக்கிறேன். இன்று 14, நேற்று 9, மறுபடி 17. அதைப் பார்த்தால் ஒரு முன்னேற்றமும் தெரியாது. இரண்டாம் நோட்டில் இரண்டே எண்கள்: எத்தனை எட்டில் பார்த்தாள், குரைத்திருந்தால் அடங்கித் தீனி வாங்க எத்தனை வினாடி ஆயிற்று. முதல் மாதம் தெருவில் ஒரு தடவை வெடித்தால் அடங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் மாதம் 50 வினாடி. இப்போது 10, 12 வினாடி. குரைப்பு இன்னும் உண்டு. ஆனால் அவள் அதிலிருந்து திரும்பி வருகிறாள். என்னிடம் திரும்பி வருகிறாள். எனக்கு அதுதான் முக்கியம்.

செலவில் வீணானவற்றையும் சொல்கிறேன். நீண்டு சுருங்கும் செயின் தண்டம். எப்போதும் ஒரு இழுப்பு இருந்துகொண்டே இருப்பதால் வார் இறுகுவதை விரல் உணராது, அவசரத்தில் நிறுத்தவும் முடியாது. 2 மீட்டர் சாதாரண துணி வாரும், மைதானத்துக்கு 5 மீட்டர் வாரும் போதும். மூளைக்கு வேலை தரும் பொம்மை என்று வாங்கியவற்றில் இரண்டு அலமாரியில் கிடக்கின்றன, அட்டைப் பெட்டிகளையே அவள் விரும்புகிறாள். கொடுத்த காசுக்குப் பயன்பட்டவை என்றால் ஹார்னஸ், வயர்லெஸ் பெல், தடுப்புக் கதவு, ஜன்னல் ஸ்டிக்கர். நேரம் என்று பார்த்தால் நாளைக்கு இரண்டு வேளையாகப் பன்னிரண்டு நிமிடம் வீட்டில், இருபத்தைந்து நிமிடம் வெளியே. அதற்கு மேல் நீட்டிய நாட்களில் எல்லாம் கடைசி ஐந்து நிமிடம் கெட்டுப்போயிருக்கிறது.

இன்னொரு நாயோடு மறுபடி தொடங்கினால் போன் பதிவில் பத்து நாள் போக்க மாட்டேன், முதல் நாளே புது பெல் வாங்குவேன். குரைப்பை எண்ண மாட்டேன். நடையின்போது தம்பியைப் பின்னால் இருந்து போனில் படம் பிடிக்கச் சொல்வேன், வாய் மூடுவதை அந்தப் படத்தில் பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சம். முக்கியமாக, வீட்டில் எல்லோரையும் முதல் வாரமே உட்கார வைத்துச் சொற்களைத் தீர்மானித்துவிடுவேன். அம்மா இன்றைக்கும் சில சமயம் "இடம்" என்பதற்குப் பதில் "போய்ப் படு" என்கிறார். சிட்டு என் முகத்தைப் பார்த்து அர்த்தம் கேட்கிறாள்.

இப்போதைய நிலவரம்: தெரிந்த ஆள் பெல் அடித்தால் பத்தில் ஒன்பது தடவை நேராக விரிப்பு. தெரியாத ஆள் என்றால் பத்தில் ஆறு. குரைக்காமல் நெருங்க முடிகிற தூரம் கிழ நாய்க்கு 8 எட்டு, புதிய நாய்களுக்கு 15 எட்டு, அதாவது சுமார் 10 மீட்டர். சைக்கிளுக்கு மட்டும் 30 எட்டிலேயே வாய் மூடிவிடுகிறது, ஓடுகிற சக்கரம் அவளை ஏதோ செய்கிறது. தம்பியின் சைக்கிளை நேற்றிரவே கூடத்தில் கொண்டுவந்து சாய்த்து வைத்திருக்கிறேன். ஓடாத சைக்கிளைப் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு, பெடலை ஒருமுறை நக்கினாள். 'டக்' சொன்னேன். நாளைக்குத் தம்பி அதைக் கையால் தள்ளிக்கொண்டு மைதானத்தின் எதிர் மூலையில் நிற்பான், நாங்கள் 40 எட்டிலிருந்து தொடங்குவோம்.